ஒரு முகத்துக்கு எவ்வளவு பால்

பகாவ் அரசாங்கப் பல் கிளினிக்கில்
காலாவதியான அல்ஜினேட் ஏழு பாக்கெட்.
குப்பையில் போடச் சொன்னார் டாக்டர்.
"எந்தக் குப்பை என்று சொல்லவில்லையே" என்றாள் கமாரியா,
என் பையின் ஜிப்பைத் தானே திறந்துவிட்டு.

பன்னிரண்டு வருஷமாய் இந்த ஊர் வாய்களுக்கு
இளஞ்சிவப்பு மாவு குழைத்துக் கொடுப்பவள் நான்.
இரண்டரை நிமிடத்தில் இறுகிவிடும்.
பல் வரிசைக்கு ஒரு கரண்டி போதும்,
முழு முகத்துக்கு
ஒரு சோற்றுப் பானை.

புவனேந்திரனுக்கு மில்லில் இரவு ஷிப்ட்.
செம்பனைப் பழம் வெந்த வாடையோடு வந்து
சமையலறைத் தரையில் மல்லாந்தான்.
மூக்கில் இரண்டு ஸ்ட்ரா.
"செத்தா இப்படித்தான் இருக்குமா?"
"பேசாத. உதடு கலையும்."
பேசவில்லை, சிரித்துவிட்டான்.
இடது கடைவாயில் மட்டும்
அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு
மீதியைக் கோட்டைவிட்டது அச்சு.

பிளாஸ்டர் ஊற்றிப் பிரித்ததும்
மேசைமேல் கண்மூடிக் கிடந்தான்.
முகத்தில் எடுக்கும் அச்சு கண்மூடித்தான் வரும்,
தெரிந்த விஷயம்தான்.
இருந்தாலும் அறைக்குப் போய்
அசல் ஆள் குறட்டை விடுவதைக்
கொஞ்ச நேரம் நின்று கேட்டேன்.
பிறகு பல் சுரண்டும் ஊசியை எடுத்து
இமைகளைச் செதுக்கித் திறந்தேன்.
வலது கண்ணுக்கு ஒரு மணி நேரம்.
இடது கண்ணுக்குப் பத்து நிமிடம்,
பயம் போயிருந்தது.

வாசலின் தடவி, அதன்மேல் மறுபடி பிளாஸ்டர்.
மறுநாள் தட்டித் தட்டிக் கழற்றினால்
குழிந்த முகம் ஒன்று,
மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் பள்ளத்தோடு.

பால் வாங்க செர்டிங் போனேன்.
"எத்தனை கிலோ?" என்றார் பாக் ரம்லி.
"ஒரு முகத்துக்கு எவ்வளவு ஆகும்?"
ஆயுசு முழுக்கப் பாலை நிறுத்தவர்
என் முகத்தை ஒரு தடவை பார்த்து
ஒன்றரை என்றார்.
அமோனியா டின்னோடு பஸ் ஏறினேன்.
பின்சீட்டு முழுவதும் எனக்கே.

ஊற்று, சுழற்று, கவிழ், காயவை.
ஐந்து பூச்சு.
உரித்த தோல் வெள்ளைக்காரன்போல் இருந்தது,
மூன்று நாளில் பழுத்து
அவன் நிறத்துக்குப் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது.

கண்கள், தீர்ந்துபோன ரோல்-ஆன் உருண்டைகள்
(அக்குளைப் பார்த்தது போதும்).
தாடை இழுக்க மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பி.
யாரும் வந்து வாங்காத ஒரு பல்செட்.
ஆறு சின்ன நீல மோட்டார், ஒன்று ஒன்பது வெள்ளி,
தபாலில் வந்தன.
ஒன்று வரும்போதே செத்திருந்தது.

என்னாத்துக்கு இது, என்றாள் பக்கத்து வீட்டு ஜீவமலர்.
தீபாவளிக்கு என்றேன்.
கமாரியாவிடம் ஏதோ போட்டி என்றேன்.
ஒரு வாய் திறக்கும்போது
பஞ்சு திணிக்காமல், எச்சில் உறிஞ்சாமல்
சும்மா பார்க்கவேண்டும்போல் இருந்தது,
இதை எப்படிச் சொல்ல.

சுவிட்சைப் போட்டேன்.
கம்பியை மாற்றி மாட்டியிருக்கிறேன்:
திறக்கவேண்டிய வாய் கடித்துக்கொண்டது,
பகாவ் வெயிலில் பல் கிடுகிடுக்க.
கண் இரண்டும் மேலே போய்
காற்றாடியில் நின்றன. கீழே வரவே இல்லை.
"எனக்கு இத்தனை பல்லு தெரியுமா?" என்றான் புவனேந்திரன்.

அச்சைத் தூக்கிப் போட மனசில்லை.
அடுப்புக்கு எதிரே ஆணியில் மாட்டினேன்.
இரவு பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பினால்
அந்தக் குழி முகமும் திரும்பியது.
மோட்டார் இல்லை. கம்பி இல்லை.
இந்தப் பக்கம் போனேன், வந்தது.
குனிந்தேன், குனிந்தது.
விரலை விட்டுப் பார்த்தேன்,
வெறும் பள்ளம்.

"என்னையே பாக்குது" என்றான்
ஐஸ்பெட்டிப் பக்கம் நின்றவன்.
"இல்ல, என்னை."
இரண்டு பேரும் சரி.
மேசைமேல் ஐந்து மோட்டாரோடு
அவன் தலை
காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.